பிளாட்டினம் பிரிண்டுக்கு எந்த ஃபிலிம், எந்த டெவலப்பர்?

வெள்ளி பேப்பரில், அதாவது வழக்கமான கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரில், அழகாக வரும் நெகட்டிவை பிளாட்டினம் பூசிய பேப்பரில் வைத்தால், பெரும்பாலும் சாம்பல் பூத்த, உயிரில்லாத ஒரு பிரிண்ட்தான் கிடைக்கும். பழுது ரசாயனத்தில் இல்லை. நெகட்டிவில் அந்தச் செய்முறைக்குத் தேவையான அடர்த்தி வீச்சு, அதாவது மிகக் கறுத்த இடத்துக்கும் மிகத் தெளிந்த இடத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம், இல்லை, அவ்வளவுதான். இரண்டாம் கிரேடு வெள்ளி பேப்பருக்கு ஏறக்குறைய 1.05 வீச்சு போதும். பிளாட்டினமும் பல்லேடியமும் கலந்த பூச்சு 1.6 முதல் 1.8 வரை கேட்கும். பல்லேடியம் மட்டும் பூசினால் 2.0-ஐயும் தாண்டும். ஆகவே ஃபிலிமையும் டெவலப்பரையும் தேர்ந்தெடுப்பதற்கு முன், உங்கள் பூச்சு எவ்வளவு வீச்சைக் கேட்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வரிசை தலைகீழாகப் போனால் ஃபிலிமும் உலோகமும் வீண்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேப்பரில் பூசிய ஒளியுணர் இரும்பு உப்பான ஃபெர்ரிக் ஆக்சலேட்டை ஃபெர்ரஸாக மாற்றுவது முக்கியமாகப் புற ஊதா ஒளி. லைட் பாக்ஸில் வைத்துக் கண்ணால் பார்க்கும் நெகட்டிவும் புற ஊதா ஒளி பார்க்கும் நெகட்டிவும் ஒன்றல்ல. ஃபிலிமின் அடித்தளம், டெவலப்பர் விடும் கறை இரண்டுமே அந்த ஒளியைத் தடுக்கும். எவ்வளவு தடுக்கிறது என்பது கண்ணுக்கோ அடர்த்தி அளக்கும் கருவியான சாதாரண டென்சிட்டோமீட்டருக்கோ தெரியாது. கீழே வரும் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

பூச்சை அளப்பது

21 படி ஸ்டவுஃபர் ஸ்டெப் டேப்லெட் ஒன்று வாங்கிவிடுங்கள். 0.05-இல் தொடங்கி 3.05 வரை, படிக்கு 0.15 அடர்த்தி கூடும். வழக்கமாகப் பயன்படுத்தும் பேப்பரில், வழக்கமான கலவையை, வழக்கமான ஈரப்பதத்தில் பூசுங்கள். டேப்லெட்டோடு சேர்த்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஃபிலிமில் ஒளி படாமல் டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்த வெற்றுத் தாள் ஒன்றையும் பூச்சின் மேல் வையுங்கள். பூச்சின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைக் கறுப்புத் தாளால் முழுக்க மூடிவிடுங்கள். ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று நேரத்தை இரட்டித்து நான்கு பிரிண்ட் எடுங்கள்.

பிரிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஈரத்தில் கறுப்பு ஆழமாகத் தெரிந்து ஏமாற்றும். வெற்று ஃபிலிமின் கீழே இருக்கும் பகுதி, அந்தப் பூச்சு தரக்கூடிய முழுக் கறுப்பை முதன்முதலில் எட்டும் நேரம்தான் உங்கள் நிலை நேரம். இனி எல்லா நெகட்டிவுக்கும் அதுவே தொடக்கம். அந்த நேரத்தில் எடுத்த பிரிண்டில், முழுக் கறுப்புக்கு அடுத்த படியிலிருந்து வெள்ளையில் கரையும் முன் கடைசியாகத் தெரியும் படி வரை எண்ணுங்கள். பன்னிரண்டு படி என்றால் 12 × 0.15 = 1.8. அதுவே உங்கள் பூச்சின் வீச்சு.

கறுப்புத் தாளால் மூடிய விரலகலத்தையும் பாருங்கள். அது பேப்பரின் வெள்ளையாகவே இருக்க வேண்டும். அங்கே மங்கல் படிந்திருந்தால் ஃபெர்ரிக் ஆக்சலேட் பழையதாகிவிட்டது, அல்லது பேப்பரோடு ஒத்துப்போகவில்லை. நெகட்டிவை எவ்வளவு மாற்றினாலும் அந்த மங்கல் போகாது.

ஃபிலிம்

பிளாட்டினம் பிரிண்ட் என்பது காண்டாக்ட் பிரிண்ட். 4×5, 5×7, 8×10 என்று நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவு. பெரிதாக்கல் கிடையாது, போதாததற்குப் பேப்பர் நாரின் சொரசொரப்பும் உண்டு. எனவே கிரெயின் நுண்மைக்காகத் தரப்படும் மதிப்பெண்ணை இங்கே ஒதுக்கிவிடலாம். எஃப்/32, எஃப்/45 என்று மூடி எடுக்கும் பெரிய கேமராவில் 400 ஐஎஸ்ஓ நேரடி உதவி. உண்மையில் பார்க்க வேண்டியவை மூன்று: ஃபிலிமின் அடித்தளம் புற ஊதாவை விடுகிறதா, டெவலப் நேரத்தைக் கூட்டினால் கான்ட்ராஸ்ட் தொடர்ந்து ஏறுகிறதா, நீண்ட எக்ஸ்போஷரில் அதன் ஒளியுணர்வு எவ்வளவு தளர்கிறது.

முதல் கேள்வியில் தேர்ச்சி பெறாதது கோடக் டி-மேக்ஸ் 100. இப்போது விற்கப்படும் அதன் ஷீட் ஃபிலிம் புற ஊதாவை வலுவாகத் தடுக்கிறது. நெகட்டிவ் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், பிரிண்ட் நேரமோ பல மடங்கு நீளும். நல்ல ஃபிலிம்தான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். டி-மேக்ஸ் 400-இல் அந்தத் தொல்லை இல்லை. கையில் இருக்கும் எந்த ஃபிலிமையும் நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தாளை ஒளி படாமல் ஃபிக்ஸ் செய்து, கழுவி, காயவைத்து, ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பூசிய பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முழுக் கறுப்புக்குத் தேவையானதில் கால்வாசி நேரம் மட்டும் ஒளி காட்டுங்கள். எந்தத் துண்டின் கீழே சாம்பல் வெளிறியிருக்கிறதோ அதுதான் புற ஊதாவைத் தின்னும் ஃபிலிம். டென்சிட்டோமீட்டர் இல்லாமலே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏழு ஸ்டாப் வீச்சுள்ள வெயில் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாவது, 0.3 என்றால் மொத்தம் 2.1. அதை 1.8 அடர்த்தி வீச்சுக்குள் கொண்டுவர, ஒளிக்கேற்ப ஃபிலிமின் அடர்த்தி ஏறுவதைக் காட்டும் வளைகோட்டின் சராசரிச் சரிவு ஏறக்குறைய 0.86 வேண்டும். வெள்ளி பேப்பருக்கு 0.5 போதும். மப்பும் மந்தாரமுமான நாளில் காட்சி ஐந்து ஸ்டாப்பாகச் சுருங்கிவிட்டால் தேவை 1.2-க்கு ஏறும். எல்லா ஃபிலிமும் அங்கே போய்ச் சேராது.

இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் நேரம் கூட்டக் கூட்டக் கான்ட்ராஸ்ட் ஏறிக்கொண்டே போகும். நிதானமாக, கணிக்கும்படி ஏறும். வேகம் 125-தான் என்பது மட்டுமே குறை. முதல்முறை வருபவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். டி-மேக்ஸ் 400 இன்னும் வேகம், இன்னும் எளிதாக ஏறும். மந்தமான ஒளியைத் தூக்கி நிறுத்த அதற்கு இணை குறைவு. ஆனால் அரை நிமிடம், ஒரு டிகிரி தவறினாலும் அந்தத் தவறு பிரிண்டில் தெரியும். வெப்பநிலையைக் கட்டிக் காக்க முடிந்தவர்களுக்கான ஃபிலிம் அது. கூடுதலாக, சரியாக ஃபிக்ஸ் ஆகாவிட்டால் இளஞ்சிவப்புச் சாயம் மிஞ்சும். புது ஃபிக்ஸரில் முழு நேரம் வைத்தால் போய்விடும்.

எச்பி5 பிளஸ் வெயில் காட்சிகளுக்கு மிக நல்ல ஃபிலிம். வீச்சு அதிகமுள்ள காட்சியை அமைதியாக அடக்கிக்கொள்ளும். மந்தாரத்தில் அதே குணம் எதிராகத் திரும்பும்: நேரத்தை இழுத்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கான்ட்ராஸ்ட் ஏறாமல், ஒளி படாத இடத்திலும் படியும் அடிப்பனிமூட்டம்தான் ஏறும். கோடக் ட்ரை-எக்ஸ் 320 ஷீட்டின் வளைகோடு நிழலில் படுத்து, வெளிச்சத்தில் நிமிரும். நிழலுக்குத் தாராளமாக ஒளி கொடுத்தால் வெளிச்சப் பகுதிகளில் நல்ல பிரிவு கிடைக்கும்.

மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமும் பலரும் கையாளும் வழி. இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் மிகுந்தது, விலை குறைவு, சிவப்பு ஒளியில் கையாளலாம். பெரும்பாலானவற்றில் இருபுறமும் எமல்ஷன் இருப்பதால் தட்டின் அடியில் உரசினாலே கீறல் விழும். தட்டில் கண்ணாடி ஒன்று போட்டு, ஒவ்வொரு தாளாகச் செய்யுங்கள். நீலச் சாயமேறிய அடித்தளத்தை மேலே சொன்ன துண்டுச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே பெட்டியாக வாங்குங்கள்.

மூன்றாவது கேள்விக்கு இல்ஃபோர்ட் தரும் சூத்திரம் உதவும். அளந்த நேரத்தை எஃப்பி4 பிளஸ்ஸுக்கு 1.26 அடுக்குக்கும், எச்பி5 பிளஸ்ஸுக்கு 1.31 அடுக்குக்கும் உயர்த்த வேண்டும். மீட்டர் 10 வினாடி காட்டினால் எஃப்பி4-இல் 18 வினாடி, எச்பி5-இல் 20 வினாடி. ஒரு நிமிடம் காட்டினால் முறையே 174, 213 வினாடி. நீண்ட எக்ஸ்போஷரில் நிழல்தான் வெளிச்சத்தைவிட அதிகம் தளரும். அதனால் கான்ட்ராஸ்ட் தானாகவே கொஞ்சம் கூடிவிடும். பிளாட்டினத்துக்கு அது பெரும்பாலும் சாதகம்.

டெவலப்பர்

வில்லியம் வில்லிஸ் 1873-இல் பிளாட்டினம் பிரிண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கடுத்துப் பரவிய உலர் கண்ணாடித் தகடுகளைப் பெரும்பாலும் பைரோகல்லால் கொண்டுதான் டெவலப் செய்தார்கள். கான்ட்ராஸ்ட் மிகுந்த, கறை படிந்த அந்தத் தகடுகள் பிளாட்டினத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தின. இன்றும் கறை விடும் டெவலப்பர்கள் இந்த வேலையில் முன்னே நிற்பதற்கு அதே காரணம். வெள்ளி எவ்வளவு படிகிறதோ அதற்கேற்ற அளவில் கறையும் படிகிறது. அந்தக் கறை கண்ணுக்கு மெல்லிய பழுப்பு அல்லது மஞ்சள் பச்சை; புற ஊதாவுக்கோ கனத்த திரை. லைட் பாக்ஸில் ‘இது வெள்ளி பேப்பருக்கே சரியாக இருக்குமே’ என்று தோன்றும் நெகட்டிவ் பிளாட்டினத்தில் முழு வீச்சோடு இறங்கும். வெள்ளியின் அடர்த்தியை அளவுக்கு மீறி ஏற்ற வேண்டியிராததால் வெளிச்சப் பகுதி அடைத்துக்கொள்ளாது.

நாங்கள் முதலில் சொல்வது சாண்டி கிங் வகுத்த பைரோகேட்-எச்டி என்ற கறை விடும் டெவலப்பர். நீங்களே கலக்க:

முதல் கரைசல்: 50 டிகிரி செல்சியஸ் காய்ச்சி வடித்த நீர் 750 மி.லி., சோடியம் மெட்டாபைசல்ஃபைட் 10 கிராம், பைரோகேட்டகின் 50 கிராம், ஃபெனிடோன் 2 கிராம், பொட்டாசியம் புரோமைடு 1 கிராம். இதே வரிசையில் ஒன்று முழுதாகக் கரைந்த பிறகு அடுத்தது. கடைசியில் நீர் ஊற்றி 1 லிட்டராக்குங்கள். ஃபெனிடோன் நீரில் கரைய அடம்பிடிக்கும். கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் குழைத்துச் சேர்த்தால் இறங்கிவிடும்.

இரண்டாம் கரைசல்: நீர் 700 மி.லி., பொட்டாசியம் கார்பனேட் 750 கிராம், பிறகு 1 லிட்டர் வரை நீர். கரையும்போது சூடேறும். மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள்.

பைரோகேட்டகினும் பைரோகல்லாலும் நஞ்சு; தோல் வழியாகவும் உள்ளே போகும். தூளை நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகமூடியும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். டெவலப் செய்யும்போதும் கையுறை கட்டாயம். சமையலறைத் தராசு, பாத்திரம் எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது.

வெள்ளி பேப்பருக்கு 1:1:100 என்று கலப்பதை பிளாட்டினத்துக்கு 2:2:100 ஆக்குகிறோம். ஒரு லிட்டர் நீருக்கு ஒவ்வொரு கரைசலிலும் 20 மி.லி. முதல் கரைசலை நீரில் கலந்து வைத்துக்கொண்டு, ஃபிலிம் முன்நனைப்பில், அதாவது டெவலப்பருக்கு முன் வெறும் நீரில், ஊறும்போது இரண்டாவதைச் சேருங்கள். கலந்தவுடன் காற்றோடு வினைபுரியத் தொடங்கிவிடும். ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டியதுதான். நீரில் கரைத்த முதல் கரைசலைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். கிளைகாலில் கரைத்து விற்கப்படுவது பல மடங்கு நாள் தாங்கும்.

கார்டன் ஹட்சிங்ஸின் பிஎம்கே என்ற பைரோகல்லால் டெவலப்பர் இன்னொரு வழி. 1:2:100 என்று கலப்பது. கறை மஞ்சள் பச்சை, மிக நுட்பமான வெளிச்சப் பகுதிகளைத் தரும். ஆனால் படம் இல்லாத இடத்திலும் பொதுக்கறை ஏறும். அது வீச்சைக் கூட்டாது, பிரிண்ட் நேரத்தை மட்டும் நீட்டும். சுழல் இயந்திரத்தில் காற்று பட்டுச் சீக்கிரம் சோர்ந்துபோகும். பாதி நேரத்தில் புது டெவலப்பர் மாற்றுவது அதனால்தான். பிளாட்டினத்துக்கு மட்டும் என்றால் பைரோகேட் போதும்.

கறை வேண்டாம் என்பவர்கள் டி-76, ஐடி-11, எச்சி-110 எதைக் கொண்டும் செய்யலாம். அளப்பதும் எளிது, சாதாரண டென்சிட்டோமீட்டர் சொல்வது ஏறக்குறைய உண்மையாகவே இருக்கும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ்ஸுக்கு நீர் கலக்காத ஐடி-11-இல் 20 டிகிரியில் 8½ நிமிடம் என்கிறது. பிளாட்டினத்துக்கு 13 நிமிடத்தில் சோதனையைத் தொடங்குங்கள். இந்த நெகட்டிவ் பின்னால் வெள்ளி பேப்பருக்கு உதவாது, மிகவும் கடினமாக இருக்கும். பைரோகேட் நெகட்டிவ் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும், ஏனென்றால் கறை புற ஊதாவைத் தடுக்கும் அளவுக்கு வெள்ளி பேப்பருக்கான ஒளியைத் தடுப்பதில்லை.

நேரத்தைக் கண்டுபிடிப்பது

இணையத்தில் கிடைக்கும் நேர அட்டவணைகளை அப்படியே நம்ப வேண்டாம். பிறருடைய விளக்கு, பேப்பர், நீர், கிளறும் முறை எல்லாம் வேறு. ஒரு நாள் செலவழித்தால் உங்கள் அட்டவணை உங்கள் கையில் இருக்கும். புற ஊதா டென்சிட்டோமீட்டரும் தேவையில்லை. பிளாட்டினம் பேப்பரையே அளவுகருவியாக்கிவிடலாம்.

டார்க்ரூமில் என்லார்ஜரின் கீழ் ஃபிலிமின் மேல் ஸ்டெப் டேப்லெட்டை ஒட்ட வைத்து ஒளி காட்டுங்கள். லக்ஸ் மீட்டரில் 1 லக்ஸ் இருக்கும்படி லென்ஸை மூடினால், 125 வேக ஃபிலிமுக்குச் சுமார் 2.5 வினாடி, 400 வேகத்துக்குச் சுமார் 0.8 வினாடி. அப்போது ஃபிலிமின் வேகப்புள்ளி, அதாவது அடர்த்தி அளக்கும்படி தோன்றத் தொடங்கும் இடம், பதினெட்டாம் படி அருகே விழும். மேலே போதுமான படிகள் மிஞ்சும். ஒரே மாதிரி ஐந்து தாள் எடுத்து 4, 5½, 8, 11, 16 நிமிடம் டெவலப் செய்யுங்கள். இந்த ஐந்து நேரமும் ஃபில் டேவிஸ் தன் ஃபிலிம் சோதனை முறையில் வகுத்தவை. எக்ஸ்போஷரைப் போல நேரமும் பெருக்கல் விகிதத்தில் ஏறுவதால் இடைப்பட்ட மதிப்புகளை வரைந்து எடுக்க வசதி.

இனி ஐந்து நெகட்டிவையும் நிலை நேரத்தில் பிளாட்டினம் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே பிரிந்து தெரியும் படிகளை எண்ணி, இரண்டால் வகுங்கள். படிக்கு 0.15, ஸ்டாப்புக்கு 0.3 என்பதால் இரண்டு படி ஒரு ஸ்டாப். வந்த எண், அந்த டெவலப் நேரம் எத்தனை ஸ்டாப் காட்சிக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும். 11 நிமிட நெகட்டிவில் 14 படி தெரிந்தால் அந்த நேரம் ஏழு ஸ்டாப் காட்சிக்கு உரியது. 16 நிமிடத்தில் 10 படிதான் தெரிகிறது என்றால் அது ஐந்து ஸ்டாப் மந்தாரத்துக்கு. கறை, அடித்தளம், விளக்கு, பூச்சு எல்லாம் இந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 16 நிமிடத்திலும் 13 படிக்குக் கீழே இறங்காத ஃபிலிம் மந்தாரத்துக்கு உதவாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். லென்ஸ், பெல்லோஸ் சிதறல் கான்ட்ராஸ்டைச் சற்றுக் குறைப்பதால், வெளியே எடுக்கும்போது கண்டுபிடித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சியை அளக்கும்போது விவரம் வேண்டிய ஆழ்ந்த நிழலை ஸ்பாட் மீட்டரில் பார்த்து, ஸோன் முறையில், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை ஸ்டாப்புக்கு ஒன்றாக எண்ணிடும் முறையில், மூன்றாம் ஸோனுக்குப் பதில் நான்கில் வையுங்கள். பிளாட்டினம் கறுப்புப் பக்கத்தில் மெதுவாகவே பிரியும். ஃபிலிமின் அடிவளைவில் விழுந்த நிழல் பிரிண்டில் சேறாகிவிடும்.

டெவலப் செய்யும் முறை

தட்டில் செய்தால் ஒரே வெப்பநிலை நீரில் ஐந்து நிமிடம் முன்நனைப்பு. டெவலப்பரில் தாள்களை அடியிலிருந்து மேலாக மாற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தாளைக் கால் திருப்பம் திருப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே விளிம்பு கறுத்துப்போகும். பிறகு ஸ்டாப் பாத்துக்குப் பதில் வெறும் நீரில் ஒரு நிமிடம். கார்பனேட் ஊறிய எமல்ஷனை வலுவான அமிலத்தில் போட்டால் குமிழ் எழுந்து ஊசித்துளை விழலாம். ஃபிக்ஸர் கடினமாக்கி சேர்க்காததாக இருக்கட்டும். பயன்படுத்திய டெவலப்பரில் மறுபடி முக்கிக் கறை ஏற்றும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பொதுக்கறையை மட்டுமே கூட்டும்.

நம் ஊர்க் குழாய் நீர் 30 டிகிரியில் வரும்போது காரத்தன்மை மிகுந்த இந்த டெவலப்பரில் எமல்ஷன் ஊதி மெத்தென்று ஆகிவிடும். நகம் பட்டால் கிழியும். நீரை முன்கூட்டியே குளிர்வித்து, பனிக்கட்டிப் பொட்டலம் போட்ட பெரிய தொட்டிக்குள் தட்டை வைத்து 24 டிகிரியில் வேலை செய்யுங்கள். முன்நனைப்பு முதல் கடைசிக் கழுவல் வரை இரண்டு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. பனிக்கட்டியை டெவலப்பரிலேயே போடாதீர்கள், செறிவு மாறிவிடும். நேரச் சோதனையையும் இதே 24-இல் செய்தால்தான் எண்கள் பொருந்தும்.

பிரிண்டில் தெரியும் குறைகள்

வானத்தில் மேகம்போல் திட்டுத்திட்டாக இருந்தால் முன்நனைப்புக் குறைவு அல்லது கிளறல் போதவில்லை. முதல் ஒரு நிமிடம் நிறுத்தாமல் கிளறுங்கள்.

நிழல் சரியாக இருந்து வெளிச்சம் சாம்பலாக இருந்தால் நெகட்டிவில் வீச்சு போதவில்லை. அடுத்த தாளுக்கு டெவலப் நேரத்தைக் கூட்டுங்கள். கையில் இருக்கும் நெகட்டிவைக் காப்பாற்ற, பல்லேடியம் மட்டும் பூசி, கான்ட்ராஸ்டை ஏற்றும் சோடியம் குளோரோபிளாட்டினேட் சொட்டு சேர்க்கலாம். கலவையில் பிளாட்டினம் இருந்தால் அந்தச் சொட்டுக்கு அவ்வளவாக வேலை இராது. பொட்டாசியம் குளோரேட்டால் கான்ட்ராஸ்டை ஏற்றுவதும் உண்டு. அளவு கூடினால் பிரிண்ட் மணல்போல் பொரிந்துவிடும்.

வெளிச்சம் வெறும் பேப்பராகவே நின்றால் வீச்சு மிஞ்சிவிட்டது. இதைப் பூச்சில் சரிசெய்யும் வழி குறைவு. கான்ட்ராஸ்ட் ஏற்றி எதுவும் சேர்க்காத தூய பல்லேடியத்துக்கு மாறிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதுதான். ஐயம் வரும்போது டெவலப் நேரத்தைச் சற்றே குறைவாக வைப்பது இதனால்தான் பாதுகாப்பு.

நிலை நேரத்தில் கறுப்பே வராமல், நேரத்தை இரண்டு மூன்று மடங்காக்கினால்தான் வருகிறது என்றால், ஃபிலிம் அடித்தளமோ பொதுக்கறையோ தடுக்கிறது. அதே டெவலப்பரில் ஒளி படாத ஒரு தாளையும், டெவலப்பரே காணாமல் ஃபிக்ஸ் மட்டும் செய்த ஒரு தாளையும் பக்கத்தில் வைத்து பிரிண்ட் எடுங்கள். இரண்டின் கீழும் ஒரே சாம்பல் என்றால் ஃபிலிமை மாற்றுங்கள். டெவலப்பர் கண்ட தாளின் கீழ் மட்டும் வெளிறியிருந்தால் பொதுக்கறை. முதல் கரைசலைப் புதிதாகக் கலந்து, பொட்டாசியம் புரோமைடை மறக்காமல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.